அரசியல் செய்த போதகர் யார்?

கேள்வி: சமூக நீதிக்காக வாழ்ந்த புராட்டஸ்டண்ட் போதகர் என்று தென்னாப்பிரிக்காவின் பேயர்ஸ் நௌடேயைச் சென்ற இதழில் வானளாவப் புகழ்ந்திருந்தீர்கள். பிரசங்க பீடத்தை விட்டு இறங்கி அரசியல் செய்த ஒருவரைப் போதகர் என்று கொண்டாடலாமா? ஆன்மாக்களைக் கவனிப்பதுதானே அவருடைய வேலை?

பதில்: போதகருக்கு அரசியல் ஆகாது என்பது உங்கள் வாதமானால், விசாரணையை நௌடேயிடம் தொடங்குவது முறையன்று. 1948இல் பிரதமராகி நிறவெறியை அரசின் கொள்கையாக்கிய டி.எஃப். மலானும் நௌடேயின் அதே டச்சு சீர்திருத்தத் திருச்சபையில் அங்கி அணிந்து பிரசங்கித்தவர்தான். இறையியலில் முனைவர் பட்டம் பெற்ற அவர், நௌடே பிறந்த அதே 1915இல் சபைப் பொறுப்பைத் துறந்து, தேசியக் கட்சியின் குரலாக வெளிவந்த நாளிதழுக்கு ஆசிரியராகப் போனார். அவர் பீடத்தை விட்டு இறங்கியதை உங்களைப் போன்றோர் எவரும் குறையாகச் சொல்லி நான் படித்ததில்லை. (ஜோகன்னஸ்பர்க்கில் மலான் பெயரைத் தாங்கியிருந்த பெருஞ்சாலைக்கு இப்போது நௌடேயின் பெயர் என்பதையும் இடையில் சொல்லி வைக்கிறேன்.)

அரசியல் அந்தத் திருச்சபைக்குள் புகுந்தது நௌடேயால் அன்று. 'சிலரின் பலவீனத்தை' முன்னிட்டு வெள்ளையரல்லாத விசுவாசிகளுக்குத் தனி ஆராதனை நடத்தலாம் என்று அதன் கேப் பகுதிச் சினாடு (திருச்சபையின் ஆட்சி மன்றம்) 1857இலேயே இசைவளித்தது. 1881இல் அவர்களுக்கெனத் தனித் திருச்சபையே உருவாயிற்று. பலவீனம் வெள்ளையருடையது, வெளியேற்றப்பட்டவர்கள் மற்றவர்கள் என்பதைக் கவனியுங்கள். பின்னாளில் அந்தச் சபையின் இறையியலாளர்கள், பாபேல் கோபுரத்தில் கடவுள் மொழிகளைத் தாறுமாறாக்கி மக்களைச் சிதறடித்த கதையை எடுத்துக்கொண்டு, இனங்கள் பிரிந்து வாழ்வதே இறைவனின் திட்டம் என்று வியாக்கியானம் செய்தார்கள். எவர் எங்கே குடியிருக்கலாம், எவர் எவரை மணக்கலாம் என்று சட்டம் இயற்றிய அரசுக்கு வேதத்திலிருந்தே சான்று எடுத்துக் கொடுத்த பீடம் அது. அதில் நின்றுகொண்டு ஒருவர் வாய் திறவாமல் இருந்திருந்தால் அதுவும் அரசியலே ஆகியிருக்கும்.

நௌடேயிடம் குறை காண வேண்டுமானால் அதற்கும் இடம் இருக்கிறது; நீங்கள் தேடிய இடம்தான் தவறு. அவருடைய தந்தை, டச்சு வழிவந்த வெள்ளையரான ஆப்பிரிக்கானரின் ஆதிக்கத்துக்காக 1918இல் அமைந்த புருடர்பாண்ட் என்ற இரகசியச் சகோதர சங்கத்தின் நிறுவனர்களுள் ஒருவர். மகனும் 1940இல் அதில் சேர்ந்தார். நிறவெறிச் சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்த 1950களில், சபை வட்டாரங்களில் மதிப்போடு வளர்ந்துகொண்டிருந்த இந்தப் போதகர் பொதுவெளியில் எதிர்க்குரல் எழுப்பவில்லை. கலப்பினத்தார், கறுப்பினத்தார் சபைகளில் ஊழியம் செய்த இளம் போதகர்கள், அங்கே மக்கள் படும் பாட்டை நேரில் வந்து பாருங்கள் என்று அவரை அழைத்துப்போய்க் காட்டினார்கள். அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் உள்ளுக்குள்ளேயே அவர் போராடிக்கொண்டிருந்தார் என்பது என் மதிப்பில் அவருடைய வாழ்க்கையின் பலவீனமான பகுதி.

1960 மார்ச் 21 அன்று ஷார்ப்வில்லில், கறுப்பினத்தார் அனுமதிச் சீட்டோடுதான் நடமாட வேண்டும் என்ற சட்டத்தை எதிர்த்துத் திரண்ட கூட்டத்தின் மீது காவல்துறை சுட்டதில் 69 பேர் இறந்தனர். அந்த டிசம்பரில் உலகத் திருச்சபைகள் மன்றம் ஜோகன்னஸ்பர்க்கின் காட்டஸ்லோவில் கூட்டிய மாநாட்டில் நௌடேயின் சபையாரும் கலந்துகொண்டார்கள். கலப்பு மணத்தைத் தடுக்க வேதத்தில் ஆதாரம் இல்லை, நிறத்தைக் காட்டி எந்த விசுவாசியையும் எந்தத் திருச்சபையிலிருந்தும் விலக்கக் கூடாது, புலம்பெயர் கூலிமுறை குடும்பங்களைச் சிதைக்கிறது என்று அந்த மாநாடு அறிவித்தது. பிரதமர் ஃபெர்வூர்ட் கடிந்துகொண்டதும் சினாடுகள் அந்த அறிக்கையைக் கைகழுவின. சபைகள் உலக மன்றத்திலிருந்தே விலகின. கையெழுத்தைத் திரும்பப் பெற மறுத்தவர் நௌடே.

1963இல் தெற்கு டிரான்ஸ்வால் சினாடின் தலைவராக அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதே ஆண்டில், இனபேதமின்றிக் கிறிஸ்தவர்கள் ஒன்றுகூடுவதற்காகக் கிறிஸ்தவ நிறுவனம் என்ற அமைப்பு தோன்றியபோது, போதகராக இருந்துகொண்டே அதன் இயக்குநர் பொறுப்பை ஏற்கச் சபை அவருக்கு அனுமதி மறுத்தது. ஜோகன்னஸ்பர்க்கில் தாம் போதகராக இருந்த ஆஸ்ஃபோயெல்காப் சபையாருக்குத் தம் முடிவை அறிவித்த பிரசங்கத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட வசனம், 'மனுஷருக்குக் கீழ்ப்படிகிறதைப்பார்க்கிலும் தேவனுக்குக் கீழ்ப்படிகிறதே அவசியமாயிருக்கிறது' என்பது. பீடத்தை விட்டு அவர் இறங்கினார் என்கிறீர்கள். அவரை இறக்கிவிட்டார்கள் என்பதே நடந்தது. புருடர்பாண்டிலிருந்தும் அவர் விலகினார். நேற்றுவரை வீட்டுக்கு வந்துபோன உறவும் நட்பும் துரோகி என்று முகம் திருப்பிக்கொண்டன.

ஆன்மாக்களைக் கவனித்தாரா என்ற உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். கறுப்பின விழிப்புணர்வு இயக்கத் தலைவர் ஸ்டீவ் பிக்கோ காவலில் இறந்த அடுத்த மாதம், 1977 அக்டோபர் 19 அன்று, கிறிஸ்தவ நிறுவனம் தடைசெய்யப்பட்டது. நௌடே மீதும் தனித் தடையாணை விழுந்தது. ஒரே நேரத்தில் ஒருவருக்கு மேல் சந்திக்கக் கூடாது, எதையும் வெளியிடக் கூடாது, அவர் பேச்சை வேறெவரும் மேற்கோள் காட்டவும் கூடாது. 1984 வரை நீடித்த அந்த ஏழு ஆண்டுகளில், ஆலோசனை கேட்டும் ஆறுதல் தேடியும் வந்தவர்களை அவர் ஒருவர்பின் ஒருவராகச் சந்தித்துக்கொண்டிருந்தார். அந்த நாட்களிலேயே, 1980இல், வெள்ளையர் திருச்சபையை விட்டு விலகிக் கறுப்பினத்தாரின் சீர்திருத்தத் திருச்சபையில் சேர்ந்தார். தடை நீங்கிய மறு ஆண்டே, டெஸ்மண்ட் டுட்டுவுக்குப் பின் தென்னாப்பிரிக்கத் திருச்சபைகள் மன்றத்தின் பொதுச் செயலாளரானார்.

2004 செப்டம்பரில் அவர் இறந்தபோது அடக்க ஆராதனை நடந்த இடம், 1963இல் அவர் விட்டுப்போக நேர்ந்த அதே ஆஸ்ஃபோயெல்காப் ஆலயம். அவரைப் போதகர் என்று அழைக்கலாமா என்ற ஐயம், அவரை வெளியேற்றிய சபைக்கே அதற்குள் தீர்ந்துவிட்டிருந்தது. உங்களுக்கு இன்னும் இருக்கிறது.