ஜாவா ஆப்லெட் பத்தி கேட்டீங்க, சொல்றேன் (கேள்வி பதில்)

1998 வாக்குல கிருஷ்ணகிரியில, அப்ப நம்ம ஊரும் தர்மபுரி மாவட்டம்தான், பசங்களுக்கு ஜாவாங்கிற புரோகிராம் மொழி சொல்லிக் குடுத்தேன். ஆப்லெட்னா வெப் பக்கத்துக்குள்ள, பிரவுசர்லயே ஓடுற சின்ன ஜாவா புரோகிராம். ஆப்லெட் பத்தி என்ன வேணா கேளுங்கன்னு சொல்லியிருந்தேன், வந்ததுக்கெல்லாம் பதில் இது.

பாலக்கோடு தங்கச்சி: அண்ணா, லேப்ல பந்து ஓடுற ஆப்லெட் எழுதினேன், நகர நகர ஸ்கிரீன் மினுக்குதே?

அந்தக் காலத்துல எல்லாரையும் அழ வச்சது இதுதாம்மா. திரும்ப வரையச் சொல்லி நீ ரீபெயிண்ட் கூப்பிட்டா அது நேரா வரையுற பெயிண்டுக்கு போகாது, நடுவுல அப்டேட்னு ஒரு மெத்தட் (ஒரு வேலையைச் செய்யுற கோட் துண்டு) இருக்கு, அது மொத்த இடத்தையும் பேக்ரவுண்ட் கலர்ல அழிச்சிட்டுதான் பெயிண்டைக் கூப்பிடும், அழிச்ச இடமும் வரைஞ்ச பந்தும் மாறி மாறி கண்ணுல படுறதுதான் அந்த மினுக்கல். அப்டேட்டை நீயே திருப்பி எழுதி உள்ள பெயிண்டை மட்டும் கூப்பிடு. கிரியேட் இமேஜ் வச்சு மறைவா ஒரு இமேஜ் எடுத்து, அதை அழிக்கிறது வரையுறது எல்லாம் அதுக்குள்ளயே முடிச்சிட்டு, கடைசியா ஒரே தடவையில ஸ்கிரீன்ல போடு. ஆப்லெட்டை உருவாக்குற கன்ஸ்ட்ரக்டர்ல கிரியேட் இமேஜ் கூப்பிட்டா null தான் வரும், அதாவது ஒண்ணும் கிடைக்காது, அதுக்கப்புறம் ஓடுற இனிட் மெத்தட்ல கூப்பிடு. பந்தை நகர்த்துற லூப்பை தனி த்ரெட்ல (பக்கத்துலயே தனியா ஓடுற வேலை) வை, பெயிண்டுக்குள்ள வச்சா எல்லாம் உறைஞ்சிடும்.

ஓசூர் தம்பி: ஆப்லெட்வியூவர்ல (பிரவுசர் இல்லாம ஆப்லெட்டை ஓட்டிப் பாக்குற டூல்) வேலை செஞ்ச பட்டன் பிரவுசர்ல செத்துடும்னு சொல்றாங்களே, ஏன் சார்?

1997 பிப்ரவரியில ஜேடிகே 1.1 (ஜாவா எழுதுறதுக்கான டூல் தொகுப்பு) வந்து ஈவென்ட் முறையையே, அதாவது பட்டன் அழுத்தினதை புரோகிராமுக்குச் சொல்ற விதத்தையே, மாத்திடுச்சு, ஆனா பிரவுசர் ஒவ்வொண்ணும் தனக்குன்னு ஒரு ஜாவாவை உள்ள வச்சிருந்துச்சு. நெட்ஸ்கேப்ங்கிற பிரவுசரோட 3ல பழைய 1.0 தான், நெட்ஸ்கேப் 4லயும் 4.06 வர்ற வரைக்கும் அந்தப் புது முறையோட லிசனர் முழுசா கிடையாது. எங்க பக்கம் பத்திரிகையோட வர்ற சிடியில இருந்துதான் பிரவுசரே போடுவோம், மெஷினுக்கு மெஷின் வேற வெர்ஷன். அதனால டெப்ரிகேட்டட்னு (இது பழசு, இனி வேண்டாம்னு) வார்னிங் வந்தாலும் பழைய முறையிலயே எழுதுங்கடான்னு சொல்லுவேன், இன்னிக்கு கேட்டாலும் அப்போதைக்கு அதுதான் சரின்னு சொல்லுவேன். பட்டன் எழுத்து வெட்டுப்படுறதும் இதோட உறவுதான், ஜாவாவோட ஏடபிள்யூடிங்கிற ஸ்கிரீன் லைப்ரரியில இருக்கிற பட்டனை அந்தந்த ஓஎஸ்தான் வரையும், அளவு மாறும், பிக்சல் கணக்குல வச்சவங்களுக்கு நாசம். பேனலுக்குள்ள (பட்டன்களை வைக்கிற பெட்டி) பேனல் வச்சு, இடத்தை தானே பிரிச்சுக் குடுக்குற பார்டர் லேஅவுட் போட்டா தப்பிச்சுக்கலாம்.

காவேரிப்பட்டணம்: புரோகிராம் கோட் மாத்தினாலும் பழசே ஓடும்னு கேள்விப்பட்டேன்?

ஆமாங்க, பிரவுசர் பழைய கிளாஸை (கம்பைல் பண்ணின ஜாவா ஃபைல்) மெமரியில பிடிச்சு வச்சிருக்கும், ரீலோட் போட்டாலும் பல நேரம் விடாது, மொத்தமா மூடித் திறக்கணும்.

அரூர்: ஏன் அவ்ளோ ஸ்லோ?

28.8 மோடத்துல 100 கேபி இறங்கவே அரை நிமிஷம் ஆகும், அதுல கிளாஸ் ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி ரிக்வெஸ்ட் வேற. 1.1ல எல்லா கிளாஸையும் ஒண்ணா சுருக்கிக் கட்டுற ஜார் ஃபைல் வந்தப்புறம்தான் மூச்சு விட்டோம்.

பென்னாகரம் தம்பி: இப்ப எதுல அண்ணா ஓட்டிப் பாக்குறது?

பிரவுசரை மறந்துடு, குரோம் 2015லயே விட்டுடுச்சு, ஃபயர்ஃபாக்ஸ் 2017ல. ஜேடிகே 11ல ஆப்லெட்வியூவரையும் எடுத்துட்டாங்க, அதனால ஜேடிகே 8 போட்டுக்கோ. ஹெச்டிஎம்எல்ல கிளாஸ் பேரோட பெரிய எழுத்து சின்ன எழுத்து அப்படியே இருக்கான்னு பாத்துட்டு ஓட்டு.