பிரிட்டனில் ஆட்சி மாறினால் கடலோர ஊர்க் கடைகளுக்கு என்ன ஆகும்?

நேஷனல் இன்ஷூரன்ஸ் என்பது சம்பளத்தின் மீதான வரி. தொழிலாளியும் கட்டுவார், முதலாளியும் தனியாகக் கட்டுவார். 2024 ஜூலை தேர்தலில் வென்ற லேபர் கட்சி, உழைப்பவர்கள் மீதான வரியை உயர்த்த மாட்டோம் என்று சொல்லியிருந்தது. அரசுக்கு வருவாய் தேவைப்பட்டதால், அக்டோபர் பட்ஜெட் முதலாளி பங்கின் மீது கைவைத்தது.

2025 ஏப்ரல் முதல் விகிதம் 13.8-லிருந்து 15 சதவீதம். அதைவிட முக்கியம், வரி தொடங்கும் ஆண்டுச் சம்பளம் 9,100 பவுண்டிலிருந்து 5,000 ஆக இறங்கியது. ஆட்டோவில் கிலோமீட்டர் கட்டணத்தை ஏற்றி, மினிமம் தூரத்தையும் குறைத்தது போல. பக்கத்துத் தெருவுக்குப் போகிறவருக்கே அடி பலம். பிளாக்பூல், ஸ்கார்பரோ மாதிரி கடலோர ஊர்களின் ஹோட்டல்களிலும் பப்களிலும் பகுதிநேர வேலை அதிகம். ஆண்டுக்கு 9,000 பவுண்டு வாங்கும் ஊழியருக்காக முதலாளிக்கு முன்பு வரியே இல்லை, இப்போது 600 பவுண்டு. (21 வயதுக்குக் கீழுள்ளவர்களுக்குப் பெரும்பாலும் விலக்கு; பலர் கவனிப்பதில்லை.)

சின்னக் கடைகள் எல்லாமே கூடுதலாகக் கட்டுகின்றன என்பது தவறு: முதலாளி கட்ட வேண்டிய மொத்த வரியில் ஆண்டுக்குக் கழித்துக்கொள்ளும் தள்ளுபடி 5,000-லிருந்து 10,500 பவுண்டாக உயர்ந்ததால், தலா 25,000 பவுண்டு சம்பளத்தில் மூன்று பேர் உள்ள கடைக்கு இப்போது வரி பூஜ்யம்.