வீட்டிலேயே படிக்கும் பிள்ளைக்கு எந்தப் புத்தகம் சரி என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வயதைப் பார்க்காமல், வாசிப்பு நிலையைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். வாசிப்பு நிலை என்றால், பிள்ளை யார் உதவியும் இல்லாமல் புரிந்து படிக்கக்கூடிய அளவு. ஒரு பக்கத்தைப் படிக்கச் சொல்லுங்கள். தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கட்டும். ஐந்து விரலும் மடங்கிவிட்டால் புத்தகம் இப்போதைக்குக் கடினம். எழுத்துக்கூட்டுவதிலேயே கவனம் தீர்ந்துவிட்டால் கதை மனதில் நிற்காது; ‘சி... று... த்... தை’ என்று முடிப்பதற்குள் அது எங்கே பாய்ந்தது என்பதே மறந்திருக்கும். செருப்பு வாங்கும்போது வயதைச் சொல்லியா வாங்குகிறோம்? காலில் போட்டுப் பார்க்கிறோம் அல்லவா, அதுபோலத்தான். இணையத்தில் பிரதம் புக்ஸ் பதிப்பகத்தின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நிலைவாரியாக இலவசமாகவே கிடைக்கின்றன; அங்கே தொடங்கலாம். அப்புறம், கடினமான புத்தகத்தை ஒதுக்கிவிட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். வேண்டியதில்லை, பிள்ளையை மடியில் வைத்து அதை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள்.