பிரபலமான கிராஃப்ட் பீர் ஆலையில் நீண்ட வரிசை, "ஆளுக்கு எட்டு கேன்தான்" என்ற கட்டுப்பாடு: எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

கேட்டவர் மாசசூசெட்ஸில் இருக்கிறார் என்று கேள்வியின் விளக்கத்திலிருந்து தெரிகிறது. தாங்களே காய்ச்சி வாசலிலேயே கேனில் விற்கும் இந்த மாதிரிச் சிறு ஆலைக்குச் சனிக்கிழமை போனால் இரண்டு மணி நேரம் நிற்க வேண்டியிருக்கிறது, கவுன்டர் கிட்டே போகும்போது கேட்ட பீர் தீர்ந்துபோகிறது, கிடைத்தாலும் எட்டு கேனுக்கு மேல் தருவதில்லை என்பது அவர் குறை. நானும் அதே மாநிலத்தில் வூஸ்டரில் நான்கு வருடம் இருந்தவன். இப்போது பாபநாசம் பக்கம் சொந்த ஊரில் இருக்கிறேன். இங்கே இந்தத் தொல்லை கிடையாது. 2003-இலிருந்து சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில். இருப்பதைக் கொடுப்பார்கள், வாங்கிக்கொண்டு வர வேண்டியதுதான். ஆனாலும் அந்த அமெரிக்க வரிசையில் எப்படி நிற்பது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் இந்த ஊர்க்காரர். பீருக்குக் கசப்பும் வாசனையும் தரும் ஹாப்ஸ் பூவின் பெயரையே கேட்டிராத என் சித்தப்பா.

முதல் தடவை நான் போனது ஒரு பிப்ரவரி மாதம். கும்பகோணத்தில் என்னோடு கல்லூரியில் படித்த நண்பன் பாஸ்டனிலிருந்து வந்து கூட்டிக்கொண்டு போனான். "அரை மணி நேரத்துல வந்துடலாம் மாப்ளே" என்றான். ஆலையின் பெயர் வேண்டாம். வண்டி நிறுத்தும் இடத்தைச் சுற்றி வளைந்து, கட்டடத்துக்குப் பின்னால் போய்த் திரும்பியது வரிசை. பனி. கால் விரல் இருக்கிறதா என்று தெரியவில்லை. இரண்டே முக்கால் மணி நேரம் கழித்து, எங்களுக்கு முன்னால் இருபது பேர் இருக்கையில், ஊழியர் ஒருவர் வெளியே வந்து, எல்லோரும் தேடி வந்த அந்த ஒரு பீர் முடிந்துவிட்டது என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். அன்றைக்கு அதற்குக் கட்டுப்பாடு எதுவும் போடவில்லை. முன்னால் நின்றவர்கள் தள்ளுவண்டியில் பெட்டி பெட்டியாக வைத்து ஓட்டிக்கொண்டு போனதை நாங்களே பார்த்தோம், சிரித்துக்கொண்டுகூடப் பார்த்தோம்.

அன்று ராத்திரி ஒன்பதரைக்கு ஊருக்குப் பேசினேன். இங்கே ஞாயிறு காலை எட்டு மணி. சம்பா அறுவடை நேரம். சித்தப்பா கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு நான்காவது நாளாகக் காவல் இருந்தார். பகலில் காய வைப்பது, சாயங்காலம் கூட்டி அள்ளித் தார்ப்பாய் போட்டு மூடுவது, ராத்திரி பக்கத்திலேயே கட்டில் போட்டுப் படுப்பது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் எடுக்க மாட்டார்கள் என்பதால் பனி இறங்கினாலே அவருக்கு வயிற்றைக் கலக்கும். நான் என் சோகத்தைச் சொன்னேன்.

"காசு குடுத்து வாங்குறதுக்கா நின்ன?" என்று முதலில் சிரித்தார். அப்புறம் கேட்டார்: "முன்னாடி எத்தன பேர்னு எண்ணுனியா?"

"எண்ணுனேன் சித்தப்பா. ஒரு இருநூறு பேர் இருப்பாங்க."

"ஆள எண்ணி என்னடா பண்றது? எனக்கு முன்னாடி ஆறே பேருதான். அதுல ஒருத்தரோடது மட்டும் முந்நூறு மூட்ட. இன்னிக்கு எத்தன மூட்ட புடிப்பாங்க, சாக்கு இருக்கா, லாரி வந்துச்சா, அத எண்ணு."

நெல் விற்றவர்களுக்கு இது புதிதில்லை. 40 கிலோ மூட்டையாக ஒரு நாளைக்கு இவ்வளவுதான் பிடிக்க முடியும் என்று நிலையத்துக்கு ஒரு கணக்கு இருக்கும். சாக்கு தட்டினாலோ, பிடித்த மூட்டையைக் கிடங்குக்கு ஏற்றிப் போக லாரி வராவிட்டாலோ அந்தக் கணக்கும் நின்றுவிடும். வரிசையில் எத்தனையாவது ஆள் என்பதை வைத்து உங்கள் முறை எப்போது என்று சொல்லவே முடியாது.

அதை அப்படியே பீர் ஆலைக்குத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். அந்த முந்நூறு மூட்டைக்காரர் அங்கே இருக்கக் கூடாது என்பதற்குத்தான் "ஆளுக்கு எட்டு". நீங்கள் குறையாகச் சொல்லும் அந்தக் கட்டுப்பாடு இருந்தால்தான் வரிசையைக் கணக்குப் போடவே முடியும். இது விளங்கிய பிறகு எனக்கு 'ஆளுக்கு எட்டு' என்ற அட்டையைப் பார்த்தால் கோபமே வருவதில்லை.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். போனதும் வரிசையில் சேர்ந்துவிட்டு, அங்கே சுற்றும் ஊழியரிடம் அன்றைய பீர் எத்தனை பெட்டி என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒளிக்காமல் சொல்வார்கள், ஏமாந்துபோகும் ஆளிடம் மன்னிப்புக் கேட்பதைவிட அது அவர்களுக்கும் சுலபம். பெட்டிக்கு 24 கேன். 60 பெட்டி என்றால் 1,440 கேன். ஆளுக்கு எட்டு என்றால் 180 பேர். கூட வந்தவரை இடத்தில் நிறுத்திவிட்டு ஒரு நடை முன்னால் போய் இருபது இருபதாக எண்ணிக்கொண்டு வாருங்கள். நூற்றைம்பதுக்குள் இருந்தால் தாராளமாக நில்லுங்கள். இருநூறைத் தாண்டிவிட்டால் வேறு பீர் எது இருக்கிறது என்று பாருங்கள், இல்லையென்றால் வீட்டுக்குப் போய்த் தோசை சுடுங்கள். இரண்டு கவுன்டர், ஆளுக்கு ஒரு நிமிடம் என்று வைத்துக்கொண்டால் 180 பேருக்கு ஒன்றரை மணி நேரம். எவ்வளவு நேரம் என்று தெரிந்து நிற்கும்போது கால் அவ்வளவாக வலிப்பதில்லை.

சரி, இவ்வளவு கூட்டம் வருகிறதே, கூடுதலாகக் காய்ச்சி வைத்துக்கொண்டால் என்ன என்று நானும் கேட்டிருக்கிறேன். அங்கே வரிசை நிற்பதெல்லாம் பெரும்பாலும் ஹாப்ஸ் தூக்கலாகப் போட்ட ஐபிஏ (இந்தியா பேல் ஏல்) வகைக்கு, அதிலும் கலங்கலாக மாம்பழச் சாறு போல இருக்கும் நியூ இங்கிலாந்து வகைக்கு. காய்ச்சி, நொதிக்க விட்டு, கேனில் அடைக்க இரண்டு மூன்று வாரம் ஆகும். அதுவரை அந்தத் தொட்டியில் வேறு எதுவும் போட முடியாது. ஆக, எத்தனை தொட்டியோ அவ்வளவுதான் பீர். அப்படியே கூடுதலாகக் காய்ச்சினாலும் அடுக்கி வைக்க முடியாது. அதன் உயிரே ஹாப்ஸ் வாசனை, அது சில வாரத்திலேயே மங்கிவிடும். நமக்கு இதைப் புரியவைக்கக் காப்பி போதும். கும்பகோணத்தில் யாராவது ஒரே தடவையில் ஐந்து கிலோ காப்பிப்பொடி அரைத்து வாங்கி வைப்பார்களா? கால் கிலோ, மிஞ்சினால் அரைக் கிலோ. தீர்ந்ததும் மறுபடி மிஷினுக்குப் போக வேண்டியதுதான். எட்டு கேன் என்பது அந்தக் கால் கிலோ மாதிரி. முப்பது கேன் வாங்கி அடுக்குகிறவன் கடைசிப் பத்தை நேற்று இறக்கிய டிகாஷனாகத்தான் குடிக்கிறான். கேனின் அடியில் அடைத்த தேதி இருக்கும், பாருங்கள். (கறுப்பாக, கனமாக இருக்கும் இம்பீரியல் ஸ்டவுட் வேறு கதை. அதை வருடக்கணக்கில் வைத்திருந்து குடிப்பவர்கள் உண்டு.)

இந்த வரிசைகளுக்கு ஒரு சரித்திரமே இருக்கிறது. வெர்மான்ட் மாநிலத்தில் வாட்டர்பரி என்ற சிற்றூரில் 'தி ஆல்கெமிஸ்ட்' என்ற ஆலையின் 'ஹெடி டாப்பர்' பீர். 2011 ஆகஸ்ட் கடைசியில் ஐரீன் புயல் வெள்ளத்தில் அவர்களுடைய பழைய மதுக்கூடம் மூழ்கிப்போனது. அதே ஊரில் புதிதாகத் தயாராகியிருந்த கேன் ஆலைதான் கைகொடுத்தது. வெள்ளத்தில் எல்லாம் போய் மறுபடி எழுந்த கதை நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் இதில் வேடிக்கை அதற்குப் பிறகு நடந்தது. பீருக்கு வந்த கூட்டம் தாங்காமல், வண்டி நெரிசலால் அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லை என்று, 2013-இல் அந்த ஆலை தன் கடையையே மூடியது. நல்ல வியாபாரத்தால் மூடிய கடை! 2016-இல் ஸ்டோ என்ற ஊரில் பெரிதாக வேறு ஆலை கட்டித்தான் மறுபடி மக்களுக்கு நேரடியாக விற்றார்கள்.

பெல்ஜியத்தில் வெஸ்ட்வ்ளெட்டரன் என்ற ஊரில் செயின்ட் சிக்ஸ்டஸ் மடத்துத் துறவிகள் காய்ச்சும் பீர் இன்னும் கெடுபிடி. மடத்தின் செலவுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் காய்ச்சுவார்கள். ரொம்ப காலம் தொலைபேசியில் முன்பதிவு செய்து, வண்டி எண்ணைக் கொடுத்துவிட்டுப் போய்த்தான் வாங்க முடிந்தது. வாங்கிய ஆள் அறுபது நாளைக்கு மறுபடி கேட்க முடியாமல் இருந்தது. 2019-இல்தான் பதிவு இணையத்துக்கு மாறியது. வாங்கியதை லாபத்துக்கு மறுவிற்பனை செய்கிறவர்களைத் தடுக்கத்தான் இவ்வளவு ஏற்பாடும். இதைச் சித்தப்பாவிடம் சொன்னபோது அவருக்குக் கட்டுப்பாடெல்லாம் காதில் விழவில்லை. "மடத்துச் சாமியாரா? பீரா?" என்பதிலேயே நின்றுவிட்டார். திருவாவடுதுறையும் தருமபுரமும் பக்கத்தில் இருக்கிற ஆளுக்கு வேறு எப்படித் தோன்றும்!

கட்டுப்பாட்டை ஏமாற்றலாமா என்று கேட்காதீர்கள். என் நண்பன் ஒருநாள் எட்டு கேனை வண்டியில் வைத்துவிட்டு, தொப்பியையும் கோட்டையும் மாற்றிக்கொண்டு மறுபடி வரிசையில் நின்றான். கவுன்டரில் இருந்த பெண் அவனைப் பார்த்ததும், "முந்தின தொப்பிதான் உங்களுக்கு நன்றாக இருந்தது" என்றாள். ஒன்றும் வாங்காமல் வந்தான். கூட்டம் குறைவான நாளில் இரண்டாவது தடவை வாங்கலாமா என்று நேராகக் கேட்டால், சரி என்று சொல்லும் இடங்களும் உண்டு. கேட்பதில் என்ன கௌரவக் குறைச்சல்?

கணக்கு ஆளுக்குத்தான், வண்டிக்கு இல்லை. அதனால் இரண்டு பேராகப் போவது நல்லது. ஆனால் இருவருக்கும் 21 வயது முடிந்திருக்க வேண்டும், அதைக் காட்டவும் வேண்டும். இதில் நான் சூடுபட்டவன். மயிலாடுதுறையிலிருந்து வந்திருந்த என் மச்சினனைக் கூட்டிக்கொண்டு போனேன். இருபத்தேழு வயது, மீசை, தாடி எல்லாம் உண்டு. "பதினாறு கேன் மாமா" என்று வழியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தான். கவுன்டரில் நம் ஊர் டிரைவிங் லைசென்ஸை நீட்டினான். செல்லாது என்றார்கள். பாஸ்போர்ட் வீட்டில் பீரோவுக்குள். ஒன்றேகால் மணி நேரம் நின்று எட்டோடு திரும்பினோம், அதுவும் அவர்கள் பெரிய மனது வைத்ததால். கூட வந்தவர் வயதைக் காட்டவில்லையென்றால் மொத்தக் கூட்டத்துக்கும் இல்லை என்று சொல்லும் கடைகளும் இருக்கின்றன. ஊரிலிருந்து வந்தவர்களைக் கூட்டிப் போகிறீர்கள் என்றால் பாஸ்போர்ட்டை முதலில் எடுத்து வையுங்கள்.

நாள் பார்த்துப் போவது இன்னொன்று. சனிக்கிழமைக்கும் வியாழக்கிழமைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். திருவையாற்றில் அசோகா அல்வா வாங்க ஆராதனை நாளில் போவதற்கும், சும்மா ஒரு செவ்வாய்க்கிழமை போவதற்கும் உள்ள வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். அல்வா அதே அல்வாதான். கோவிட் வந்த 2020-இல் பல ஆலைகள் இணையத்தில் பணம் கட்டிவிட்டு வண்டியிலேயே வந்து வாங்கிக்கொண்டு போகும் வழியைக் கொண்டுவந்தன. சில இடங்களில் அது இன்னும் இருக்கலாம், முதலில் அதைப் பாருங்கள். அங்கேயும் ஆளுக்கு இத்தனை என்ற கணக்கு இருக்கும். ஆனால் கால் விரல் உங்களோடு இருக்கும்.

வாங்கிய பிறகு குளிர்ச்சி முக்கியம். கோடையில் ஐஸ் பெட்டி எடுத்துப் போங்கள். குளிர்காலத்தில் டிக்கியில் விட்டுவிட்டுத் தூங்காதீர்கள். என்னுடையது இரண்டு கேன் உறைந்து வெடித்து, மார்ச் வரை வண்டிக்குள் ஒரே ஹாப்ஸ் வாசனை. போலீஸ் நிறுத்தியிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ. ஓட்டுகிறவர் அங்கே ருசி பார்க்கக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நான் ஊருக்குத் திரும்பியபோது ஒரு வியாழக்கிழமை கடைசியாகப் போய் நான்கு கேன் வாங்கினேன். அங்கே ஒரு கேன் 473 மில்லி. நான்கு சேர்ந்தால் 1,892. வெளிநாட்டிலிருந்து வருபவர் தீர்வை இல்லாமல் கொண்டுவரலாம் என்று நம் சுங்கத்தில் அப்போது இருந்த அளவு இரண்டு லிட்டர். ஐந்தாவது கேன் எடுத்திருந்தால் வரி. கட்டுப்பாடு விமான நிலையம் வரை கூடவே வந்தது.

துணிக்குள் சுருட்டி, பெட்டிக்கு நடுவில் வைத்துப் பத்திரமாகக் கொண்டுவந்து, ஞாயிறு சாயங்காலம் சித்தப்பா வீட்டுத் திண்ணையில் ஒரு கேனை உடைத்து இரண்டு டம்ளரில் ஊற்றினேன். முதல் வாய்க்கு முகம் சுளித்தார்.

"வேப்பம்பூ ரசம் மாதிரி கசக்குதேடா. இதுக்கா அந்தப் பனியில நின்ன?"

நான் பதில் சொல்லவில்லை. அவர் மெதுவாகக் குடித்தார். டம்ளர் காலியானதும் துண்டால் மீசையைத் துடைத்துக்கொண்டு, என் பெட்டி இருந்த அறைப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"உள்ள இன்னும் எத்தன இருக்கு?"

"மூணு."

வாசலில் தம்பி வண்டியை நிறுத்தும் சத்தம் கேட்டது. சித்தப்பா காலி கேனை எடுத்துத் திண்ணைக்கு அடியில் தள்ளினார்.