கட்டை அவிழ்க்கும் முன்

கேள்வி: பாகப்பிரிவினையில் ஒரு பழைய மரப்பெட்டி என் பங்குக்கு வந்தது. உள்ளே மஞ்சள் துணியில் கட்டிய பத்திரங்கள், கணக்கு ஏடுகள், கடிதங்கள், துண்டுச் சீட்டுகள், கொஞ்சம் ஓலை. எல்லாம் தாத்தாவுக்குத் தாத்தா காலத்தவை. முத்திரைத்தாள் பத்திரங்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எரித்துவிடலாம் என்கிறார் அண்ணன். செய்யலாமா? (வாசகி, தேவகோட்டை)

பதில்: வேண்டாம் அம்மா. எரிக்கவும் வேண்டாம், தரம் பிரிக்கவும் வேண்டாம். நான் செய்த தவற்றைச் சொல்கிறேன், அண்ணனுக்கும் படித்துக் காட்டுங்கள்.

இருபத்திரண்டு வயதில் எங்கள் வீட்டுப் பெட்டியை ஒரே நாளில் ‘ஒழுங்குபடுத்தினேன்’. கிரயம் ஒரு பக்கம், ஒத்தி ஒரு பக்கம், கடிதங்கள் ஒரு பக்கம். கோத்திருந்த நூல்களை அறுத்து எறிந்தேன். அப்புறம் ஒரு சீட்டு கையில் வந்தது. அட்டிகை, காப்பு, தோடு, எடையோடு ஒரு நகைப் பட்டியல். அடியில் ‘மூழ்கிப்போச்சு’ என்று ஒரே சொல், அடகை மீட்காமல் நகை போய்விட்டது என்று பொருள். யாருடைய நகை, எந்தக் கடனுக்கு அடகு போனது என்று சீட்டில் இல்லை. நூலில் இருந்தவரை அதற்கு முன்னும் பின்னும் இருந்த தாள்களே அதைச் சொல்லியிருக்கும். இன்றைக்கும் அந்தச் சீட்டின் துளையையும் மடிப்பையும் வெவ்வேறு பத்திரங்களோடு பொருத்திப் பார்க்கிறேன். மூன்றோடு பொருந்துகிறது. எது என்று தெரியவில்லை.

பத்திரத்தில் சொத்து இருக்கும், வீட்டு மனிதர்கள் துண்டுச் சீட்டில்தான் இருப்பார்கள். வைத்தியருக்குக் கொடுத்த நாலணா, கல்யாணத்துக்கு வந்த மொய், இரங்கூனிலிருந்து பணம் வரவில்லை என்று கவலைப்பட்டு எழுதிய கடிதம், இவற்றுக்கெல்லாம் எந்த அலுவலகத்திலும் நகல் கிடையாது. நூறு ரூபாய்க்கு மேற்பட்ட நிலக் கிரயமோ பதிவுக்குப் போயிருக்கும். 1864-இல் பதிவுச் சட்டம் வந்த பிறகு எழுதியதாக இருந்தால் அதன் நகலைப் பதிவுப் புத்தகத்தில் தேடிப் பார்க்க வழியுண்டு. அண்ணன் எரிக்கச் சொல்வதுதான் உங்களிடம் மட்டுமே இருப்பது.

உங்கள் ஊர்ப் பக்கம் என்பதால் இன்னொன்று. ஓலைகளில் இசைகுடிமானம் இருக்கிறதா என்று பாருங்கள். நகரத்தார் வீடுகளில் திருமணத்தின்போது எழுதிய ஒப்பந்தம் அது. இருந்தால் உங்கள் குடும்பத்துக் கல்யாணம் ஒன்றின் நாளும் பெயர்களும் கிடைக்கும்.

கேள்வி: ஒரு பத்திரத்தில் ‘தாது ௵ தை ௴ ௫ ௳, ௲௨௱௮௰௬ பசலி’ என்று இருக்கிறது. இது எந்த வருடம்? (வாசகர், மன்னார்குடி)

பதில்: தாது என்பதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அறுபது வருடத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்ப வரும். 1816-லும் தாது, 1876-லும் தாது. நல்லவேளை, எழுதியவர் பசலியும் (நிலவரிக் கணக்குக்கான வருடம்) போட்டிருக்கிறார். ௲ ஆயிரம், ௱ நூறு, ௰ பத்து. ஆயிரம், இருநூறு, எண்பது, ஆறு: பசலி 1286. பசலி ஜூலையில் தொடங்கும். ஜூலை முதல் டிசம்பர் வரை 590 கூட்டுங்கள், ஜனவரி முதல் ஜூன் வரை 591. தை மாதம் என்பதால் 591. ஆக, 1877 ஜனவரி நடுவில் எழுதியது. ௳ நாள், ௴ மாதம், ௵ வருடம்.

அந்தத் தேதியைச் சாதாரணமாகக் கடந்துவிடாதீர்கள். தாது வருஷப் பஞ்சம் சென்னை மாகாணத்தை வாட்டிய நேரம் அது. விற்றவர் யார், என்ன விலை, சாட்சி யார் என்று பாருங்கள். முன்பின் வருடங்களில் அதே ஊரில் நிலம் என்ன விலைக்குப் போனது என்பதற்கு உங்கள் கட்டுக்குள்ளேயே இன்னொரு பத்திரம் இருந்தால் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

எழுத்து புரியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். மெய்க்குப் புள்ளி வைக்கும் பழக்கம் இல்லாத கைகள் அவை. ரகரமும் துணைக்காலும் ஒரே கோடாக இருக்கும், சொற்களுக்கு நடுவில் இடமும் இருக்காது. முதல் வரியில் மல்லுக்கட்ட வேண்டாம். நான்கெல்லை சொல்லும் இடத்துக்குப் போங்கள். வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்ற சொற்கள் உங்களுக்குத் தெரிந்தவை. அவற்றை வைத்து அந்தக் கையின் எழுத்துகளைப் பிடித்துக்கொண்டால் மற்ற வரிகள் மெல்ல மெல்லத் திறக்கும். எனக்கு முதல் பத்திரத்துக்குப் பதினொரு நாள் ஆயிற்று.

கேள்வி: இவ்வளவு பழைய பத்திரம் நீதிமன்றத்தில் செல்லுமா? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: முப்பது வருடம் கடந்த ஓர் ஆவணம் இருக்க வேண்டிய இடத்திலிருந்து வந்திருந்தால், அதிலுள்ள கையெழுத்து உண்மையானது என்று நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளலாம். 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தில் 90-ஆம் பிரிவாக இருந்தது இது. இப்போதைய புதிய சட்டத்திலும் இந்த விதி தொடர்கிறது. அதனாலேயே சொத்து இன்று உங்களுடையது ஆகிவிடாது. அதற்கு வக்கீலைப் பாருங்கள். ‘இருக்க வேண்டிய இடம்’ என்பதைக் கவனியுங்கள். எந்தப் பெட்டியில், யார் வீட்டில், எந்தக் கட்டுக்குள் இருந்தது என்பதை இப்போதே எழுதி வையுங்கள்.

கேள்வி: தாள்கள் ஒடிகின்றன. லேமினேட் செய்யலாமா? (வாசகி, சேலம்)

பதில்: கூடாது. சூடும் பிளாஸ்டிக்கும் தாளைக் கெடுக்கும், பிறகு பிரிக்கவும் முடியாது. செல்லோடேப்பும் வேண்டாம். ஓலைக்குப் பூசும் எண்ணெயைத் தாளில் தடவ வேண்டாம். கட்டை அவிழ்க்கும் முன் அப்படியே ஒரு படம் எடுங்கள். அப்புறம் ஒவ்வொரு தாளையும் எடுக்கும் வரிசையில் இருபுறமும் படம் எடுங்கள். முதுகுப் பக்கத்தை விட்டுவிடாதீர்கள். கடன் பத்திரத்தில் வட்டியும் அசலும் வந்த விவரத்தை அங்கேதான் எழுதுவார்கள். துருப்பிடித்த குண்டூசி தானாகக் கழன்றால் எடுங்கள், இழுக்காதீர்கள். வீட்டில் காக்க முடியாத நிலை என்றால் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடத்தில் கேட்டுப் பாருங்கள். கோட்டையூரில் ஒரு தனிமனிதர் சேர்த்து வைத்த நூல்களிலிருந்து 1994-இல் உருவான நூலகம் அது.

நீங்கள் அனுப்பிய படத்தில் குறுக்கே கிழிந்த கடன் சீட்டு ஒன்று தெரிகிறது. அதை ஒட்ட வேண்டாம். கடன் தீர்ந்தால் அப்படிக் கிழித்துத்தான் திருப்பிக் கொடுப்பார்கள்.