ஜூலையில் அம்மாவைக் கூப்பிடாதீர்கள், தம்பி

தம்பி, மே மாதம் ஸ்பெயினின் மாலகாவில் வேலையில் சேருகிறீர்கள். 4 வயதிலும் 9 வயதிலும் பிள்ளைகள். ஜூலையில் ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் 2 மாதம் தங்க வருகிறார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி, இருவரும் சைவம். கார் இல்லாமல் கோஸ்டா தெல் சோல் என்ற அந்தக் கடற்கரைப் பகுதியைச் சுற்றிக் காட்ட முடியுமா, பூங்காக்களுக்கெல்லாம் வருடச் சீட்டு எடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் அதே கடற்கரையில் உள்ள ஃபுயென்ஹிரோலாவில் 14 வருடமாக இருக்கிறேன். சுற்றிக் காட்டலாம். சீட்டு இப்போது வேண்டாம். ஆனால் முதலில் அந்த ஜூலையைப் பற்றிப் பேச வேண்டும்.

"திருச்சி வெயிலையே பார்த்தவர்களுக்கு இதென்ன" என்றுதான் நானும் என் அம்மாவை ஜூலையில் வரவழைத்தேன். மாலகாவில் டெர்ரால் என்று ஒரு காற்று உண்டு. மலையைத் தாண்டி நிலப்பக்கமிருந்து இறங்கும். கடல் காற்றை ஒதுக்கித் தள்ளிவிட்டு 40 டிகிரி வரை கொண்டுபோய் நிறுத்தும். எங்கள் வாடகை வீட்டில் ஏசி கிடையாது. ஜன்னலுக்கு வெளியே பெர்சியானா என்று ஒரு சுருள் மறைப்பு இருக்கும். பகலில் அதை இறக்கிவிட்டு இருட்டில் கிடப்பதுதான் இங்கத்து வழக்கம். அம்மா 3 நாள் பொறுத்தாள். அதற்கப்புறம், "பட்டப்பகலில் லைட்டைப் போட்டுக்கொண்டு உட்காரவா என்னை இவ்வளவு தூரம் கூப்பிட்டாய்?" என்றாள். பதில் சொல்ல முடியவில்லை.

செப்டம்பர் பாதியில் வந்தால் அக்டோபர் முழுக்க வெளியே திரியலாம். கடலும் அப்போதுதான் இதம். ஜிப்ரால்டர் நீரிணை வழியாக அட்லாண்டிக் தண்ணீர் உள்ளே வந்துகொண்டே இருப்பதால், ஜூனில்கூட இந்தக் கடலில் காலை வைத்தால் சுரீரென்று குளிரும்.

விமான டிக்கெட்டை மாற்றவே முடியாது என்றால், வீட்டுக் கடிகாரத்தை மாற்றுங்கள். ஜூலையில் சூரியன் மறையவே இரவு ஒன்பதரை ஆகும். இரவு 11 மணிக்குப் பிள்ளைகள் ஊஞ்சலாட, தாத்தா பாட்டிமார் பெஞ்சில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்கள். "இந்நேரத்தில் குழந்தையை வெளியே கொண்டு வந்திருக்கிறாயே" என்று யாரும் கேட்கமாட்டார்கள். ஃபுயென்ஹிரோலா பயோபார்க் கோடையில் இருட்டிய பிறகும் திறந்திருக்கும். ரயிலை விட்டு இறங்கினால் நடக்கிற தூரம்தான். கம்பிக்கூண்டு கண்ணில் படாதபடி அமைத்த மிருகக்காட்சிசாலை அது. கொரில்லா, புலி, மடகாஸ்கர் லெமூர் எல்லாம் உண்டு. ஏதாவது ஒன்றுக்கு வருடச் சீட்டு எடுத்தே தீருவேன் என்றால் இதற்கு எடுங்கள், அதுவும் 3 மாதம் கழித்து. பழைய பட்டியல்களில் டிவோலி வேர்ல்ட் என்ற கேளிக்கைப் பூங்காவை முதலில் போட்டிருப்பார்கள். அது 2020-இலேயே மூடியாயிற்று.

உங்களுக்குப் பெரிய துணை சி-1 ரயில். மாலகா நடுவிலிருந்து விமான நிலையம், டோரெமோலினோஸ், பெனால்மாதெனா வழியாக ஃபுயென்ஹிரோலா வரை முக்கால் மணி, 20 நிமிடத்துக்கு ஒரு வண்டி. மார்பெல்லாவுக்கு ரயில் கிடையாது, பேருந்துதான். காரை அவசரப்பட்டு வாங்காதீர்கள்: நம் இந்திய லைசென்ஸ் இங்கே குடியேறிய 6 மாதத்துக்குத்தான் செல்லும், மாற்றித் தரமாட்டார்கள். பிறகு எழுத்துத் தேர்வு, ஓட்டும் தேர்வு இரண்டையும் முதலிலிருந்து எழுத வேண்டும். நான் 20 வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து எழுதினேன்.

அந்த ரயிலிலேயே பெனால்மாதெனாவின் ஆர்ரோயோ தெ லா மியெல் நிலையத்தில் இறங்கினால் லா பலோமா பூங்காவுக்கு நடந்து போய்விடலாம். காசு கிடையாது. குளம், வாத்து, புல்வெளி முழுக்க முயலும் சேவலும் கோழியும் அவிழ்த்துவிட்டபடி திரியும். கடல்பூங்காவுக்கு நான் 4 பேருக்கு டிக்கெட் எடுத்துக் கூட்டிப்போன நாளை என் சின்னவள் மறந்துவிட்டாள். இங்கே சேவல் ஒன்று அவள் பிஸ்கட்டைப் பிடுங்கியதை இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அப்பா அம்மாவுக்கு அதே பெனால்மாதெனாவின் மலைமேட்டில் உள்ள புத்த ஸ்தூபி பிடிக்கும். 33 மீட்டர் உயரம், 2003-இல் திறந்தது. பேருந்து மேலேயே கொண்டுபோய் விடும், அனுமதி இலவசம், திங்கட்கிழமை போகாதீர்கள். உள்ளே தியான மண்டபத்தில் என் அம்மா அரைமணி கண்மூடி உட்கார்ந்திருந்தாள். பக்தி என்று நினைத்து நாங்கள் அடக்கமாக நின்றிருந்தோம்; மெல்லக் குறட்டை வந்தது. பக்கத்திலேயே வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இருக்கிறது, பிள்ளைகளுக்கு அது. இங்கே கடை வைத்துக் காலூன்றிய சிந்திக்காரர்களின் இந்துக் கோயில் ஒன்றும் பெனால்மாதெனாவில் உண்டு. விநாயகரைத் தேடி உங்கள் அம்மா கேட்கும்போது சொல்லுங்கள்.

மாலகா நகரத்துக்கு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் ஒதுக்குங்கள். அல்காசாபா என்ற முஸ்லிம் அரசர் காலத்துக் கோட்டை 2 மணிக்கு மேல் இலவசம், அதற்கு மேலுள்ள ஹிப்ரால்ஃபாரோ கோட்டையும் அப்படியே. முழங்கால் வலிக்காரரை ஏற்றிக் கொல்லாதீர்கள். 35-ஆம் எண் பேருந்து ஹிப்ரால்ஃபாரோ வாசல் வரை போகும், அங்கிருந்து துறைமுகம் முழுக்கத் தெரியும். அல்காசாபாவின் அடிவாரத்தில் ரோமானிய அரங்கம் இருக்கிறது. 1951-இல்தான் மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டது. அதன் தூண்களைப் பெயர்த்துக் கோட்டைக்கு வைத்துக் கட்டியிருக்கிறார்கள், பெரியவனை விட்டுத் தேடச் சொல்லுங்கள். பிகாசோ பிறந்த ஊர் இது. அவர் அருங்காட்சியகமும் ஞாயிறு கடைசி 2 மணி நேரம் இலவசம். ஆனால் 4 வயதை வைத்துக்கொண்டு அந்த வரிசையில் நிற்பது உங்கள் சாமர்த்தியம்.

நெர்ஹா என்ற ஊரின் குகை 9 வயதுக்கு அருமையான இடம். 1959 ஜனவரியில் வௌவால் பிடிக்கப் போன 5 பையன்கள் கண்டுபிடித்தது. உள்ளே 32 மீட்டர் உயரத்துக்குச் சுண்ணாம்புத் தூண் நிற்கிறது. படிகள் நிறைய, அதனால் அம்மாவை ஊருக்குள்ளே பால்கோன் தெ யூரோப்பா என்ற கடலோர மேடையில் உட்கார வையுங்கள். காமினிதோ தெல் ரெய் என்ற மலையிடுக்குப் பலகைப் பாதையை எல்லோரும் சொல்வார்கள். 8 வயதுக்குக் கீழே விடமாட்டார்கள். நான் அதைப் படிக்காமல் டிக்கெட் எடுத்து, 7 வயதுப் பெண்ணோடு வெளியே உட்கார்ந்து ஆரஞ்சு தின்றேன்.

சாப்பாடு விஷயத்தில் ஒன்று: என்சலாதா மிக்ஸ்தா என்றால் வெறும் சாலட் என்று வாங்கிவிடாதீர்கள், மேலே டூனா மீன் போட்டுத் தருவார்கள். "சின் கார்னே" என்று கறி வேண்டாம் எனச் சொல்லியும் பயனில்லை, மீனையும் ஹாம் என்ற பன்றித்தொடைக் கறியையும் பலர் கறிக் கணக்கில் சேர்ப்பதில்லை. பெரியவர்களுக்குக் கத்திரிக்காய் வறுவல் சொல்லுங்கள், மேலே கரும்புப்பாகு ஊற்றித் தருவார்கள். நெர்ஹாவுக்குப் பக்கத்து ஊரான ஃப்ரிஹிலியானாவில் இன்னமும் காய்ச்சுகிற பாகு அது. அப்பா ஒரு வாய் வைத்ததும் ஆலைக்கொட்டகை வாசனை என்பார். மதியச் சாப்பாடு 2 முதல் 4 வரை. நாலரைக்குப் போய் நின்றால் அடுப்பை அணைத்திருப்பார்கள்.

நீங்கள் மே மாதமே வருவதால் ஜூன் 23 இரவைத் தவறவிடாதீர்கள். சான் ஹுவான் இரவு. கடற்கரை முழுக்க நெருப்பு மூட்டி, ஹூவாஸ் என்று பழந்துணி பொம்மைகளைச் செய்து கொளுத்துவார்கள். நம் போகிதான், மணலில். தண்ணீர்ப் புட்டியும் பிள்ளைகளுக்கு மெல்லிய ஸ்வெட்டரும் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் ஊருக்குப் போன் போட்டு டிக்கெட் தேதியை மாற்ற முடியுமா என்று கேட்டுவிடுங்கள்.