எழுத்தால் தவளை வரையலாமா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் தக்கலை. வடிவமைப்பு படிக்கிறேன். ஜப்பானியக் கவிஞர் பாஷோவின் தவளை ஹைக்கூவை வைத்து எட்டுப் பக்கச் சிறுநூல் ஒன்று செய்கிறேன். தமிழில் ‘பழைய குளம் / தவளை தாவ / நீரின் ஓசை’ என்று எழுதியிருக்கிறேன். எழுத்துகளையே அடுக்கித் தவளை உருவம் செய்தேன். ‘இது அரூபம் (உருவத்தைக் காட்டாமல் உணர்த்துவது) இல்லை, படம்’ என்கிறார் ஆசிரியர். அட்டைக்குச் சுசீந்திரம் தெப்பக்குளத்தின் போட்டோ வைத்திருக்கிறேன். ஜப்பான் கவிதை நமக்கு எதற்கு என்றும் வகுப்பில் கேட்கிறார்கள்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். பாரதி 1916-லேயே ஜப்பானியக் கவிதையைப் பற்றிச் சுதேசமித்திரனில் எழுதிவிட்டார். இனி யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

ஆசிரியர் சொல்வது சரிதான். 1686-ல் வந்த அந்தக் கவிதையில் தவளை பச்சையா, பெரிதா என்று ஒன்றுமே கிடையாது. குதிக்கிறது, அவ்வளவுதான். ஜப்பானிய மூலத்தில் முதல் ஐந்து அசையின் முடிவில் ‘யா’ என்று ஒரு வெட்டு, அதாவது வாசிப்பை நிறுத்தும் சொல். குளம் அங்கே நின்றுவிடும். புத்தகத்தில் அந்த வெட்டு, தாளைத் திருப்பும் இடம். குளத்தை 3-ஆம் பக்கத்தோடு நிறுத்துங்கள். திருப்பினால் 4-ம் 5-ம் சேர்ந்த நடுவிரிப்பு.

இப்போது உங்கள் வரிகளையே பாருங்கள். ‘பழைய குளம்’: மெய்யெழுத்தின் தலையில் ஒரே ஒரு புள்ளி. ‘தவளை தாவ’: புள்ளியே இல்லை. ‘நீரின் ஓசை’: மறுபடி ஒன்று. தெரிந்து எழுதினீர்களோ என்னவோ, தவளை உள்ளேதான் இருக்கிறது, அந்தப் புள்ளிதான் அது! 3-இல் ‘குளம’ என்று விடுங்கள். ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி வைத்ததில்லை, அப்படியும் படித்தார்கள். நடுவிரிப்பில் சொல் வேண்டாம், அந்தப் புள்ளி மட்டும் மடிப்புக்கு மேலே. 6-இல் அது ‘ன’ மேல் வந்து இறங்கட்டும். கணினியில் எழுத்தை அவுட்லைன் (வெறும் வடிவம்) ஆக்கிப் புள்ளியைப் பிரிக்கும்போது கவனம்: ‘ம’வின் உள்ளே இருக்கும் வெள்ளையும் அடைபட்டுக் கறுப்பாகிவிடும்.

தாள் 70 ஜிஎஸ்எம் மேப்லித்தோ (பளபளப்புப் பூச்சில்லாத மெல்லிய அச்சுத்தாள்) போதும். ‘பின்பக்கம் தெரியுமே’ என்பார் அச்சகக்காரர். தெரியட்டும். கனமான எழுத்துருவில் அடித்தால் 3-இன் குளம் 4-இலும், 6-இன் ஓசை 5-இலும் இடவலம் மாறி மங்கலாகத் தெரியும். புள்ளி விழுவதற்கு முன்பே கீழே தண்ணீர் வந்துவிடும். இதற்காகக் காசு கொடுத்து டிரேசிங் பேப்பர் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

தெப்பக்குளம் போட்டோ வேண்டாம். நடுவில் மண்டபம் நிற்கிறது, கண் அங்கேதான் போகும். அப்புறம், ஸ்டேப்ளர் பின் அடிக்காதீர்கள், வெள்ளை நூலால் தையுங்கள். பின் அடித்தால் நடுவிரிப்பில் புள்ளிக்குப் போட்டியாக இரண்டு கம்பிகள் மின்னிக்கொண்டிருக்கும்.